எம்ஜிபி காரில் புரியாத ஒயரிங் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பிரேக்கை மிதித்தால் பின்னால் பார்க்கிங் லைட் மங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. ஹெட்லைட்டைப் போட்டதும் சார்ஜ் விளக்கு லேசாகக் கண் திறக்கிறது. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபியை வைத்திருப்பவர்களுக்கு இவை பழகிய காட்சிகள். பழி முழுக்க மின்சாதனங்களைச் செய்து கொடுத்த லூகாஸ் நிறுவனத்தின் தலையில் விழும். ‘இருளின் இளவரசன்’ என்ற பட்டமே அதற்கு உண்டு. ஆனால் கழற்றிப் பார்த்தால் மோட்டாரும் காயிலும் (பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் தருவது) சுவிட்சும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அவற்றுக்கு நடுவே இருக்கும் இணைப்புகளில்தான் ஐம்பது அறுபது வருட ஈரம் இறங்கிக் களிம்பு ஏறியிருக்கும். அதனால் எதையும் புதிதாக வாங்கும் முன் இணைப்பைப் பாருங்கள். இங்கே சொல்லும் ஒவ்வொரு சோதனையும் அதைத்தான் தேடுகிறது.

நிற முறை ஒன்றே என்பதால் மிட்ஜெட், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், டிஆர்6 போன்ற அந்தக் காலத்து வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஃபியூஸ் எண்ணிக்கையும் இருக்கும் இடமும் மட்டும் மாறும்.

கை வைக்கும் முன்

முதலில் எர்த், அதாவது பாடியோடு சேரும் பேட்டரி முனை, எந்தப் பக்கம் என்று உறுதி செய்யுங்கள். 1967 இறுதி வரை வந்த வண்டிகளில் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேரும். அதற்குப் பிறகு வந்தவை நெகட்டிவ் எர்த். பழைய வண்டியை யாரோ நடுவில் மாற்றியிருக்கலாம் என்பதால் தயாரித்த வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கேபிளைக் கண்ணால் பாருங்கள். கீழே வரும் அளவுகள் நெகட்டிவ் எர்த் வண்டிக்கானவை. பாசிட்டிவ் எர்த் என்றால் மீட்டரின் சிவப்பு முனையைப் பாடியில் வையுங்கள்.

அடுத்தது நிறம். இதை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது.

- பழுப்பு: பேட்டரியிலிருந்து நேராக வரும் கரன்ட். சாவி வேண்டாம், ஃபியூஸும் கிடையாது.
- ஊதா: பழுப்பு ஃபியூஸைத் தாண்டினால் ஊதா. ஹார்ன், உள்விளக்கு.
- வெள்ளை: சாவியைத் திருப்பினால் வருவது, ஃபியூஸ் இல்லாதது. காயில், பெட்ரோல் பம்ப்.
- பச்சை: வெள்ளை ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர், பெட்ரோல் மீட்டர்.
- சிவப்பு: பார்க்கிங் லைட், நம்பர் பிளேட் லைட்.
- நீலம்: ஹெட்லைட். வெள்ளைக் கோடு இருந்தால் ஹை பீம், சிவப்புக் கோடு இருந்தால் லோ பீம்.
- கருப்பு: எர்த்.

கோடு போட்ட ஒயரில் பெரிய நிறம் குடும்பத்தைச் சொல்லும், கோடு ஆளைச் சொல்லும். பச்சையில் ஊதாக் கோடு பிரேக் லைட். சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. கருப்புக் கோடு பெட்ரோல் டேங்கிலிருந்து மீட்டருக்கு வருவது. இந்த முறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: நிறம் மாற வேண்டுமானால் நடுவில் ஃபியூஸோ, சுவிட்சோ, ஏதாவது சாதனமோ இருக்க வேண்டும். வெறும் இணைப்பில் நிறம் மாறினால் அங்கே பின்னால் வந்த யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர், 5 வாட் பல்ப் போட்ட டெஸ்ட் லேம்ப், இரண்டு ஒயர் பற்றவைத்த 21 வாட் பல்ப், நடுவில் 10 ஆம்ப் ஃபியூஸ் வைத்த நாலு மீட்டர் ஒயர். டெஸ்ட் லேம்பை ஒதுக்கிவிட்டு மீட்டரை மட்டும் நம்புவதால்தான் பலர் நாள்கணக்கில் அலைகிறார்கள். ஒயருக்குள் பதினான்கு இழைகளில் பதிமூன்று அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.4 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்டே இழுப்பதில்லை. 21 வாட் பல்பை மாட்டினால் குட்டு வெளிப்படும்: பல்ப் மங்கும், மீட்டரும் உடனே இறங்கும். வோல்டேஜை எப்போதும் அந்தச் சாதனம் ஓடும்போது அளக்க வேண்டும்.

ஒயரைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். பழுப்புக்கும் வெள்ளைக்கும் ஃபியூஸ் இல்லை. அவை பாடியில் உரசினால் தடுக்க ஒன்றுமில்லை. ஒயர்க்கட்டு முழுவதும் உருகிவிடும்.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும், அல்லது அதுவும் இல்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு அப்படியே பிரகாசமாக இருந்தால் செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட் போகவில்லை. சோலினாய்டையும் (செல்ஃப் மோட்டாருக்குக் கரன்டை விடும் காந்த சுவிட்ச்) அதற்கு வரும் வெள்ளையில் சிவப்புக் கோடு ஒயரையும் பாருங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரி காலி, அல்லது கனமான கேபிள் வழியில் தடை இருக்கிறது.

1974 இறுதியில் ரப்பர் பம்பர் வரும் வரை எம்ஜிபியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். அதாவது நான்கு டெர்மினல், நடுவில் ஓர் இணைப்புக் கேபிள். தொப்பி போல் மேலே கவிழ்ந்து ஒற்றைத் திருகால் பிடிக்கும் பழைய வகை டெர்மினல்கள் பார்க்க இறுக்கமாக இருக்கும். உள்ளே சாம்பல் படிந்திருக்கும். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஈயத் தலையிலும் மறு முனையை அதன் மேலிருக்கும் டெர்மினலிலும் வையுங்கள். நல்ல இணைப்பென்றால் 0.1 வோல்ட்டைத் தாண்டாது. தாண்டினால் கழற்றி உப்புத்தாள் போட்டு, மாட்டிய பிறகு வாஸ்லின் பூசுங்கள். நான்கு தலைகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

அடுத்து எர்த் வழி. மீட்டரைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையிலும் என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாடிக்குப் போகும் கேபிளோ, என்ஜினைப் பாடியோடு சேர்க்கும் எர்த் பட்டையோ கெட்டிருக்கிறது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் கரன்டைக் கடத்தாது என்பதால் இந்தப் பட்டை இல்லாமல் முடியாது. என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்ப மாட்ட மறப்பது சகஜம். அப்போது செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்ப் கரன்ட் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக வீடு திரும்பும். செல்ஃப் அடித்த பிறகு சோக் கேபிள் கையில் சுட்டால், கேபிள் உறை உருகியிருந்தால், வேறு எதையும் தேட வேண்டாம். பட்டையைப் போடுங்கள், இரண்டு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு.

ஒரு விளக்கைப் போட்டால் வேறொன்று எரிகிறது

இதற்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்: அந்த மூலையில் எர்த் இல்லை. பின்பக்கத்தில் பார்க்கிங்கும் பிரேக்கும் ஒரே பல்புக்குள் 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழைகள். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அது போய்விட்டால் பிரேக் இழைக்கு வந்த கரன்ட் திரும்ப வழி தேடி, பார்க்கிங் இழையின் வழியாகச் சிவப்பு ஒயரில் பின்னோக்கி ஏறும். அங்கிருந்து மற்றப் பக்கத்து விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, டேஷ்போர்டு விளக்கு என்று எங்கே எர்த் கிடைக்கிறதோ அங்கே இறங்கும். வழியில் இருப்பதெல்லாம் அரை வெளிச்சத்தில் எரியும். பேய் பிடித்த மாதிரி தெரிவது இதுதான்.

சோதனை அரை நிமிடம். நாலு மீட்டர் ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் தலையில் கவ்வி, மறு முனையால் சந்தேகப்படும் விளக்கின் பல்ப் ஹோல்டரைத் தொடுங்கள். கோளாறு மறைந்துவிட்டால் காரணம் எர்த்தான். விளக்கைக் கழற்றி, பாடியில் அது உட்காரும் இடத்தைப் பாருங்கள். வண்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த கையோடு இந்தக் கோளாறு ஆரம்பித்திருந்தால், திருகு இறங்கும் ஓட்டை முழுக்கப் பெயின்ட் நிறைந்திருக்கும். பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். இதைவிட நல்லது, ஹோல்டரிலிருந்து தனியாக ஒரு கருப்பு ஒயர் இழுத்து டிக்கிக்குள் ஒரு போல்ட்டில் சேர்த்துவிடுவது.

எர்த் சரியாக இருந்தும் கோளாறு நீங்கவில்லையா? பல்பைப் பாருங்கள். இரட்டை இழைப் பல்பின் இரண்டு ஆணிகளும் வெவ்வேறு உயரத்தில் இருப்பது தலைகீழாக மாட்டாமல் இருக்கத்தான். தேய்ந்த ஹோல்டரில் பலம் போட்டால் தலைகீழாகவும் உட்கார்ந்துவிடும். அப்போது பார்க்கிங் இடத்தில் 21 வாட் எரியும்.

முன்பக்கமும் இப்படித்தான். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் புல்லட் கனெக்டர் (ஒயர் நுனியில் உள்ள உருண்டைத் தலையை ஒரு குழலுக்குள் அழுத்திச் சேர்க்கும் இணைப்பு) கூட்டத்தில் ஹெட்லைட், பார்க்கிங், இண்டிகேட்டர் எல்லாவற்றின் கருப்பு ஒயர்களும் கூடுகின்றன. மழைநீர் நேராக அடிக்கும் இடம் அது. அந்தக் கருப்பு ரப்பர் உறையை ஒருமுறை கத்தியால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே பித்தளைக் குழல் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும். புல்லட்டை வெளியே இழுத்தால் கரகரவென்று வரும். சில சமயம் புல்லட் நன்றாக இருக்கும், குழல் மட்டும் பிளந்து பிடியை விட்டிருக்கும். உறையின் விலை மிகக் குறைவு. சுத்தம் செய்து திரும்பப் போடுவதைவிடப் புதிதாக மாற்றிவிடுங்கள். புல்லட்டின் விட்டம் 4.7 மி.மீ.

ஃபியூஸ் போட்டால் உடனே போகிறது

ஒன்றன் பின் ஒன்றாக ஃபியூஸ் போட்டு எரிக்க வேண்டாம். அந்த இடத்தில் 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். பல்பே கரன்டை 2 ஆம்ப்புக்குள் கட்டிப்போடுவதால் ஒயர் சூடாகாது. இனி அந்த வழியில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்ப் அணைகிறதோ மங்குகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட். எதைக் கழற்றியும் பயனில்லை என்றால் ஒயர்க்கட்டை அங்கங்கே அசைத்துப் பாருங்கள்; இரும்புத் தகட்டை ஊடுருவும் ஓட்டைகளில் ரப்பர் வளையம் இற்றுப்போன இடம், ஸ்டியரிங் தண்டைச் சுற்றிய இடம், பின்பக்க ஒயர்க்கட்டு வண்டிக்கு அடியில் போகும் இடம் ஆகியவற்றில் பல்ப் கண் சிமிட்டும்.

ஃபியூஸ் பெட்டி என்ஜின் அறையின் வலப்பக்கச் சுவரில் இருக்கிறது. ஆரம்ப வண்டிகளில் இரண்டே ஃபியூஸ்: ஏ1 பழுப்பு உள்ளே, ஏ2 ஊதா வெளியே, ஏ3 வெள்ளை உள்ளே, ஏ4 பச்சை வெளியே. நான்கு ஃபியூஸ் பெட்டி வந்தபோது மற்ற இரண்டும் இடது, வலது பார்க்கிங் லைட்டுகளுக்குப் போயின. பச்சை ஃபியூஸ் ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் போகிறது, பிரேக் மிதித்தால் மட்டும் போகிறது என்றால் எந்தக் கிளை என்று வண்டியே சொல்லிவிட்டது.

ஃபியூஸ் வாங்கும்போது கவனம் தேவை. லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்ப் என்றால் அது எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப்தான். அமெரிக்கக் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் தொடர்ந்து 35 ஆம்ப் தாங்கும். அதைப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். நீளமும் கொஞ்சம் கூடுதல் என்பதால் கவ்வியை விரித்துவிடும்.

பெட்டியிலேயே ஒரு மறைவான கோளாறு உண்டு. ஃபியூஸைப் பிடிக்கும் கவ்வியும் ஒயர் மாட்டும் தகடும் தனித்தனித் துண்டுகள். ரிவெட் அடித்துச் சேர்த்தவை. அந்த ரிவெட்டுக்கு அடியில் களிம்பு ஏறினால் ஃபியூஸும் நன்றாக இருக்கும், கவ்வியும் பளபளக்கும், ஆனால் வைப்பர் மெதுவாகும், இண்டிகேட்டர் சோம்பும், பெட்ரோல் முள் இறங்கும், எல்லாம் ஒரே நேரத்தில். சாவியைப் போட்டு வைப்பரை ஓட விட்டு ஏ3, ஏ4 தகடுகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் என்றால் பெட்டியை மாற்றுவதே நல்லது.

இண்டிகேட்டர் மினுக்குவதில்லை

ஒரு பக்கம் மட்டும் மினுக்காமல் நிலையாக எரிந்தால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கிறது, அல்லது எர்த் தளர்ந்திருக்கிறது. பழைய வகை ஃபிளாஷர் உள்ளிருக்கும் உலோகம் சூடாவதால் மினுக்குவது. அதற்கு இரண்டு 21 வாட் பல்புகளின் முழுக் கரன்ட் வேண்டும். எல்இடி பல்ப் போட்டதும் இண்டிகேட்டர் நின்றுபோவதும் இதனால்தான்.

இரண்டு பக்கமும் இல்லை, ஆனால் பெட்ரோல் மீட்டரும் வைப்பரும் வேலை செய்கின்றன என்றால் ஹசார்ட் சுவிட்சைப் பாருங்கள். அது உள்ள வண்டிகளில் இண்டிகேட்டருக்குப் போகும் பச்சைக் கரன்ட் ஹசார்ட் சுவிட்சின் உள்ளே புகுந்துதான் ஃபிளாஷருக்குப் போகிறது. வருடக்கணக்கில் தொடாமல் கிடந்ததால் அதன் கான்டாக்டுகள் கறுத்துவிடும். சுவிட்சை இருபது தடவை மேலும் கீழும் தட்டுங்கள். புது ஃபிளாஷர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

ஓடும்போது என்ஜின் நின்று, தானே மறுபடி பிடிக்கிறது

கோளாறுகளிலேயே பொறுமையைச் சோதிப்பது இதுதான். பெட்ரோலா, கரன்டா என்று தெரியாமல் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவோர் ஏராளம். மின்சார ஆர்பிஎம் மீட்டர் உள்ள வண்டியில் அதன் முள்ளே பதில் சொல்லும். என்ஜின் விடும் கணத்தில் கிளட்ச்சை மிதிக்காமல், கியரிலேயே வண்டியை உருளவிட்டு முள்ளைப் பாருங்கள். சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் காயிலின் முதல்நிலைச் சுற்றில் கரன்ட் அறுந்தது: சாவி சுவிட்ச், வெள்ளை ஒயர், காயில் முனை, பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் கான்டாக்ட்). முள் வண்டியின் வேகத்தோடு மெல்ல இறங்கினால் அந்தச் சுற்று நலம். பெட்ரோலையோ, பிளக்குக்குப் போகும் உயர் மின்னழுத்த ஒயர், கேப், ரோட்டார் ஆகியவற்றையோ பாருங்கள்.

முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே இரண்டு குட்டி ஒயர்கள். ஒன்று வெளியிலிருந்து பாயின்ட்டுக்குப் போவது. இன்னொன்று பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு சேர்க்கும் எர்த் ஒயர். ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதிக்கும்போதெல்லாம் வாக்குவம் அந்தத் தட்டைத் திருப்புகிறது, இரண்டு ஒயரும் கூடவே மடங்கி நிமிர்கின்றன. லட்சக்கணக்கான தடவை மடங்கிய பின் மேலுறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்துவிடும். சாமணத்தால் ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். அறுந்தது ரப்பர் மாதிரி நீளும்.

அளவுகள்: சாவி போட்டு, பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெள்ளையில் கருப்புக் கோடு ஒயரில் 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பாயின்ட் திறந்தால் முழு 12. மூடியும் 12 காட்டினால் பாயின்ட் எரிந்திருக்கிறது, அல்லது அந்தக் குட்டி எர்த் போய்விட்டது. திறந்தும் பூஜ்யம் என்றால், காயிலில் வெள்ளை ஒயர் நுழையும் முனைக்குக் கரன்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் பாயின்ட் திருகில் காப்பு வாஷர் இடம் மாறி ஒயர் எர்த் ஆகியிருக்கிறது. புதுப் பாயின்ட் மாற்றிய அன்றே வண்டி கிளம்பாமல் போனால் பெரும்பாலும் இந்த வாஷர்தான்.

ரப்பர் பம்பர் வண்டிகளில் ஒரு பொறி. அவற்றின் காயில் 6 வோல்ட் வகை, சுமார் 1.5 ஓம், ஒயர்க்கட்டுக்குள்ளேயே இளஞ்சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட தடை ஒயர் மீதி வோல்டேஜை விழுங்குகிறது. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் 6 வோல்ட் சொச்சம் காட்டுவது அங்கே சரிதான். குறைகிறதே என்று நேராக வெள்ளை ஒயரை இழுத்துக் கொடுத்தால் காயில் வெந்துபோகும். பழைய வண்டியின் 12 வோல்ட் காயில் சுமார் 3 ஓம் காட்டும். மாற்றும்போது அளந்து வாங்குங்கள்.

முள் மெல்ல இறங்கிய வண்டிக்கு: சாவியைப் போட்டதும் எஸ்யு பெட்ரோல் பம்ப் பின்னாலிருந்து சில நொடி வேகமாகத் தட்டி, கார்புரேட்டர் நிறைந்ததும் நிதானிக்க வேண்டும். சத்தமே இல்லை, ஒரு தட்டுத் தட்டினால் ஓடுகிறது என்றால் பம்பின் உள்ளிருக்கும் பாயின்ட் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றும் முன் வெள்ளை ஒயரை 21 வாட் பல்பால் சோதித்து, கருப்பு எர்த்தையும் பாருங்கள். சேறும் தண்ணீரும் படும் இடம் அது.

சாவியை அணைத்தும் என்ஜின் நிற்கவில்லை

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டெஸ்ட் லேம்பைக் காயிலில் கரன்ட் நுழையும் முனையில் வையுங்கள். எரியவில்லை என்றால் கரன்ட் குற்றமில்லை. சூட்டில் பெட்ரோல் தானே பற்றிக்கொள்கிறது. எரிந்தால் எங்கிருந்தோ பின்னோக்கிக் கரன்ட் வருகிறது. இக்னிஷனுக்கு ரிலே வைத்த வண்டிகளில் ஆல்டர்நேட்டர் தரும் கரன்ட் பழுப்பில் மஞ்சள் கோடு ஒயர், சார்ஜ் விளக்கு வழியாக வெள்ளைக்கு வந்து ரிலேயை விடாமல் பிடித்துக்கொள்ளும். பழுப்பு மஞ்சள் ஒயரில் 1 ஆம்ப் டயோடு ஒன்றைச் சேர்த்தால் தீரும். கோடு போட்ட முனை ஆல்டர்நேட்டர் பக்கம் இருக்க வேண்டும்.

காலையில் பேட்டரி காலி

சாவி இல்லாமல் கரன்ட் இருப்பது பழுப்பு, ஊதா இரண்டில் மட்டுமே (விளக்கு சுவிட்சை மறந்து விட்டிருந்தால் சிவப்பும்). அதனால் தேட வேண்டிய இடம் சிறியது. எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரித் தலைக்கும் நடுவே முதலில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் பெரிய கசிவு. அதோடு மீட்டரை மாட்டினால் மீட்டரின் ஃபியூஸ்தான் போகும். எரியாவிட்டால் மீட்டரை ஆம்ப் அளவில் வையுங்கள். கடிகாரம் மட்டும் இருந்தால் சில மில்லி ஆம்ப்தான் வர வேண்டும். 50 மில்லி ஆம்ப்பைத் தாண்டினால் தேடலாம்.

ஊதா ஃபியூஸை எடுங்கள். விழுந்தால் உள்விளக்கு, கதவு சுவிட்ச், ரேடியோ. விழாவிட்டால் ஆல்டர்நேட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். டயோடு ஒன்று கசிந்தால் இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆல்டர்நேட்டர் காலையில் வெதுவெதுப்பாக இருக்கும்; கை வைத்தாலே தெரியும். டைனமோ வண்டியில் கன்ட்ரோல் பாக்ஸில் டைனமோவைப் பேட்டரியிலிருந்து பிரிக்கும் கட்-அவுட் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சார்ஜ் விளக்கு சொல்லும் கதை

சாவி போட்டால் சார்ஜ் விளக்கு எரியவே இல்லை என்றால் அலட்சியம் வேண்டாம். ஆல்டர்நேட்டர் விழித்தெழ வேண்டிய முதல் கரன்ட் அந்த 2.2 வாட் பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்ப் போனால் சார்ஜும் வராமல் போகலாம். இரவில் விளக்கு லேசாகக் கனன்றால், ஹெட்லைட்டையும் ஹீட்டர் விசிறியையும் போட்டுப் பாருங்கள். கனல் கூடினால் சாவி சுவிட்ச் அல்லது பழுப்பு, வெள்ளை ஒயர்களின் இணைப்புகளில் வோல்டேஜ் விழுகிறது. ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும்.

பெட்ரோல் மீட்டர் பொய் சொல்கிறது

பச்சையில் கருப்புக் கோடு ஒயரை டேங்கில் கழற்றி ஒரு கணம் எர்த்தில் தொடுங்கள். முள் முழு டேங்குக்கு ஏறினால் மீட்டரும் ஒயரும் நலம், கோளாறு டேங்கினுள். முள் எப்போதும் கூடுதலாகக் காட்டினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரின் எர்த்தைப் பாருங்கள். சராசரி 10 வோல்ட் தர வேண்டியது எர்த் போனால் முழு 12-ஐ அனுப்பும். அது விட்டு விட்டு வேலை செய்வதால் மல்டிமீட்டரில் எண் குதிப்பது இயல்பு.

ஹெட்லைட் மஞ்சளாக மங்குகிறது

தொழிற்சாலை வடிவத்தில் முழுக் கரன்டும் டேஷ்போர்டு சுவிட்ச், டிப் சுவிட்ச் எல்லாவற்றையும் சுற்றி வருகிறது, ரிலே இல்லை. பேட்டரிக்கும் பல்புக்கும் இடையே 10 சதவீத வோல்டேஜ் போனால் வெளிச்சத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். இணைப்புகளைச் சுத்தம் செய்த பின், ஹை, லோ இரண்டுக்கும் தனித்தனி ரிலே வைத்து, 2 சதுர மி.மீ. ஒயரும் 20 ஆம்ப் ஃபியூஸும் போடுங்கள். பழைய நீல ஒயர்கள் ரிலேயை மட்டும் இயக்கட்டும்.

டேஷ்போர்டுக்குக் கீழே யாருக்கும் சொந்தமில்லாத ஒயர்

முதலில் நிறத்தைப் பாருங்கள். மேலே சொன்ன பட்டியலில் அடங்கும் நிறம், துணி அல்லது பிளாஸ்டிக் நாடாவுக்குள்ளிருந்து வருகிறது, முனையில் புல்லட் இருக்கிறது என்றால் அது பிறந்தது தொழிற்சாலையில். எல்லா வண்டியிலும் இல்லாத துணைக்கருவிக்காக விட்டதாகவும் இருக்கலாம். அதை வெட்டாமல் காலி உறை மாட்டி ஒதுக்கிக் கட்டுங்கள். ஒரே நிறத்தில் வீட்டு ஒயர், கவ்வி அழுத்திச் சேர்த்த நீலப் பிளாஸ்டிக் இணைப்பு, முறுக்கி டேப் சுற்றியது இவையெல்லாம் பின்னால் வந்தவை: அலாரம், ரேடியோ, பனி விளக்கு. அந்தக் கவ்விகள் ஒயரின் மேலுறையைக் கிழித்து உள்ளே இழைகளையும் வெட்டுபவை. ஈரம் அங்கிருந்துதான் இறங்கும். ஒன்றைக் கண்டால் அதன் இரு பக்கமும் ஒரு அங்குலம் செம்பு கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, சிவப்பு தெரியும்வரை வெட்ட வேண்டும்.

எங்கே போகிறதென்று தெரிய, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு முனையில் மீட்டரின் பீப் அளவை வைத்து, மறு முனை இருக்கக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். கண்டதும் காகித நாடாவில் எழுதி ஒட்டுங்கள். நீக்கியதையும் ஒயரிங் படத்தில் குறித்து வையுங்கள். ஒரே நாளில் பத்து ஒயரை வெட்டாதீர்கள். ஒன்றை நீக்கி, எல்லா விளக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

வேலை முடிந்து எர்த் கேபிளை மாட்டும்போது ஃபியூஸுக்குப் பதில் அந்த 21 வாட் பல்பையே மறுபடி வையுங்கள். கதவுகள் மூடி, சாவி இல்லாதபோது ஊதா இடத்தில் அது எரியவே கூடாது. பச்சை இடத்தில் சாவி போட்டதும், மீட்டர்கள் இழுக்கும் கொஞ்சக் கரன்டுக்கு இழை சிவக்கலாம், அவ்வளவுதான். அதன் பிறகு ஃபியூஸைப் போடுங்கள்.